பதினாறு வாண்டுங்க, ஒரே பேப்பர்: சின்னப் பிள்ளைங்களோட குரூப் ஆர்ட் பண்ண முழு வழிகாட்டி

மொதல்ல ஒரு உண்மைய சொல்லிடறேன். நெறைய ப்ளே ஸ்கூல்ல குரூப் ஆர்ட்னு நடக்கறது எப்படின்னா, மிஸ் ராத்திரி உக்காந்து பெரிய மயில் ஒண்ணு அவுட்லைன் போட்டு வச்சிருவாங்க, காலைல ஒவ்வொரு பிள்ளையா கூப்ட்டு கைய பச்சை பெயிண்ட்ல முக்கி "இங்க வை கண்ணு"ன்னு அவங்களே மணிக்கட்டப் புடிச்சு அமுக்கி, கைய தொடச்சு விட்டு, அடுத்த ஆளு வான்னு கூப்பிடுவாங்க. மயில் சூப்பரா வரும், ஆண்டு விழால எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. ஆனா அந்தப் பதினாறு பிள்ளைங்கள்ல யாரும் யாரோடவும் சேர்ந்து எதுவும் பண்ணல. நானும் ரெண்டு வருஷம் இதத்தான் பண்ணேன், அதனால தைரியமா சொல்றேன்.

மதுரைப் பக்கம் மூணுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்கள வச்சுகிட்டு இருக்கேன். இத்தன நாள்ல எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். "எல்லாரும் சேர்ந்து பண்ணுங்க", "ஷேர் பண்ணிக்கோ"ன்னு வாயால சொல்லி மூணு வயசுப் பிள்ளைய சேர வைக்க முடியாது. பேப்பர எப்படி விரிக்கிறோம், பெயிண்ட எங்க வைக்கிறோம், எத்தன ப்ரஷ் போடறோம், இதுல தான் மொத்த வித்தையும் இருக்கு. பொருள சரியா வச்சுட்டா அதுங்களே சேர்ந்துக்கும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி: எந்த வயசுல எவ்வளவு சேருவாங்க

மில்ட்ரெட் பார்ட்டன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், சின்னப் பிள்ளைங்க விளையாடறத கிட்ட இருந்து கவனிச்சு 1932ல எழுதினாங்க. அவங்க சொன்ன வரிசை இன்னிக்கும் கிளாஸ்ல நின்னு பாத்தா அப்படியே தெரியும். தனியா விளையாடறது, ஒருத்தர் விளையாடறத வேடிக்கை பாக்கறது, பக்கத்துல பக்கத்துல உக்காந்து அவங்கவங்க வேலையப் பாக்கறது, பொருள மாத்திகிட்டு பேசிகிட்டு விளையாடறது, கடைசில தான் "நீ இத செய், நான் அத செய்றேன்"னு பிளான் போட்டு சேர்றது.

மூணு வயசுப் பிள்ளை பெரும்பாலும் பக்கத்துல பக்கத்துல தான். ஒரே பேப்பர்ல ரெண்டு பேரு முதுகக் காட்டிகிட்டு வரைஞ்சாலும் அந்த வயசுக்கு அது சேர்ந்து பண்றது தான், அத தப்புன்னு நெனச்சு திருப்பி உக்கார வைக்காதீங்க. நாலு வயசுல "உன் சிவப்பு குடு"ன்னு கேக்க ஆரம்பிக்கும். அஞ்சு வயச தொடும்போது தான் "வாடா பாலம் கட்டலாம்"னு பேச்சு வரும். கலந்த வயசு குரூப்னா கொண்டாட்டம், பெரிசுங்க பேசறதக் கேட்டு சின்னதுங்க ஒட்டிக்கும்.

ஸ்டெப் 1: ஆள் எண்ணிக்கை

பதினாறு பேரையும் ஒரே நேரத்துல விடாதீங்க. தயவு செஞ்சு. எட்டு பேர் ஒரு செட், மீதி எட்டு பேர் ஆயாம்மாவோட மண்ணுல விளையாடட்டும், இருபது நிமிஷம் கழிச்சு மாத்திக்கலாம். மூணு வயசுக்காரங்க மட்டும்னா நாலஞ்சு பேர் போதும். ரெண்டாவது செட் வரும்போது பேப்பர்ல ஏற்கனவே மொத செட் பண்ணது இருக்கும்ல, அதுவும் ஒரு சேர்க்கை தான். "மிஸ், இத யாரு பண்ணா?"ன்னு கேப்பாங்க. அந்தக் கேள்வி வந்துட்டா பாதி வேலை முடிஞ்சுது.

ஸ்டெப் 2: பேப்பரும் எடமும்

மேஜை வேணாம், தரை தான் பெஸ்ட். மேஜைன்னா ஒவ்வொருத்தருக்கும் ஒரு சேர், ஒரு எடம்னு ஃபிக்ஸ் ஆயிடும். தரைல பேப்பர விரிச்சா சுத்தி நடக்கலாம், தவழலாம், எதிர்ப்பக்கம் போய் எட்டிப் பாக்கலாம். எட்டு பேருக்கு சுமார் 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் இருந்தா இடிச்சுக்காம உக்காருவாங்க. இன்னொரு ரகசியம், அகலம் ரொம்ப இருந்தா நடுவுல கை எட்டாது, பேப்பர் மேல ஏறி நடப்பாங்க, அப்புறம் ஸ்கூல் பூரா நீலக் காலடி.

நோட்டுக்கு அட்டை போடற பிரவுன் ஷீட் ரோல் கடைல கெடைக்கும், அதோட மொழுமொழுப்பு இல்லாத பக்கத்த மேல வைங்க. இல்லன்னா சார்ட் பேப்பர் வாங்கி அந்த அளவுக்கு ஒட்டிக்கலாம், ஆனா டேப் பின்பக்கம் தான் போடணும், முன்னாடி செல்லோ டேப் இருந்தா அது மேல பெயிண்ட் நிக்காம உருண்டு ஓடும். பழைய காட்டன் வேட்டியும் அருமையா இருக்கும், கிழியாது. எலக்ஷன் முடிஞ்சதும் கெடைக்கற ஃப்ளெக்ஸ் பேனர திருப்பிப் போட்டும் பாத்தேன், எங்களுக்கு சரி வரல, போஸ்டர் கலர் காஞ்சதும் தோசை முறுகல் மாதிரி உரிஞ்சு வந்துருச்சு. பேனர அடியில விரிக்கறதுக்கு வச்சுக்கலாம், தரை தப்பிக்கும்.

நாலு ஓரத்தையும் டேப் போட்டு தரையோட ஒட்டிருங்க. பேப்பர் நகர்ந்துச்சுன்னா "அவன் இழுத்தான்"னு சண்டை ஆரம்பிச்சிரும்.

ஸ்டெப் 3: கலர், இங்க தான் எல்லாரும் கோட்டை விடறது

சிவப்பு, மஞ்சள், நீலம் மூணையும் ஒண்ணா வச்சா பத்தாவது நிமிஷத்துல பேப்பர் பூரா சாணிக் கலர். பிள்ளைங்க கலக்காம இருக்க மாட்டாங்க, கலக்கக் கூடாதுன்னு சொல்றதும் பாவம். அதனால எப்படிக் கலந்தாலும் கெட்டுப் போகாத மாதிரி நீங்க கலர தேர்ந்தெடுத்துருங்க. ஒரு நாள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை. கலந்தா ஆரஞ்சு, ரோஸ், சந்தனக் கலர்னு எல்லாமே அழகா தான் வரும். இன்னொரு நாள் நீலம், மஞ்சள், வெள்ளை. பச்சை தானா பொறக்கும், அத "கண்டுபிடிச்ச" பிள்ளை அன்னிக்குப் பூரா ராஜா. சிவப்பு, மஞ்சள், நீலம் மூணும் ஒரே பேப்பர்ல வேணும்னா, மொத போட்டது காஞ்சதுக்கு அப்புறம் மிச்சக் கலர அடுத்த நாள் தாங்க.

பெயிண்ட் வாங்கிக் கட்டுப்படியாகாது, சின்ன பாட்டில் எட்டு கைக்கு ஒரு நிமிஷம் தான் தாங்கும். நான் வீட்லயே காய்ச்சிருவேன். அரை கப் கார்ன்ஃப்ளார், ரெண்டு கப் பச்சத் தண்ணி, கட்டியில்லாம கரைச்சுட்டு அப்புறம் அடுப்புல வச்சு சின்னத் தீயில கைவிடாம கிண்டணும், கூழ் பதம் வந்ததும் இறக்கி, ஒரு சிட்டிகை உப்பு போட்டு நல்லா ஆற விட்டு, ஃபுட் கலரோ போஸ்டர் கலரோ கொஞ்சம் கலந்தா வழுவழுன்னு ஃபிங்கர் பெயிண்ட் ரெடி. ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவற லிக்விட் சேத்தா துணிய அலசும்போது சீக்கிரம் விடும், ஆனா எத எடுத்தாலும் வாயில வைக்கற குட்டிங்க இருந்தா அத சேக்காதீங்க. ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மூணு நாள் வைக்கலாம், நாத்தம் வந்தா யோசிக்காம கொட்டிருங்க.

மஞ்சத்தூள் கரைச்சு விடறது எனக்கு ரொம்பப் பிடிக்கும். பேப்பர் பூரா மஞ்சத் தண்ணி பூசி, அது காயறதுக்குள்ள ஆப்பசோடா கரைச்ச தண்ணிய ப்ரஷ்ல தொட்டு இழுக்கச் சொன்னா கோடு செக்கச் செவேல்னு மாறும், "மிஸ் ரத்தம்!"னு ஒரே கூச்சல். ஆரத்தித் தட்டுல சுண்ணாம்பு போட்டா செவக்குற அதே சங்கதி தான். ஆனா சுண்ணாம்ப மட்டும் பிள்ளைங்க பக்கம் கொண்டு வராதீங்க, கண்ணுல பட்டா கண்ணே போயிரும். அப்புறம் மஞ்சக் கறை துணில இருந்து லேசுல போகாது, பழைய சட்ட போட்டு அனுப்பச் சொல்லுங்க, வெள்ளத் துணில பட்டா துவைச்சு நல்ல வெயில்ல காயப் போடுங்க, வெளுத்துரும். அதே வெயிலு சுவத்துல மாட்டுன மஞ்ச ஓவியத்தையும் வெளுத்துரும், அதுக்கு தயாரா இருங்க.

ஸ்டெப் 4: சாமான எப்படி வைக்கறது

எட்டு பேருக்கு எட்டு கிண்ணம் வச்சா எட்டு தனித்தனி கடை. எட்டு பேருக்கு நாலு கிண்ணம், ரெண்டு ரெண்டு பேருக்கு நடுவுல ஒண்ணு. இப்ப ரெண்டு பேரும் ஒரே எடத்துல கைய விடணும், பாக்கணும், காத்திருக்கணும். நீங்க ஷேர் பண்ணுன்னு ஒரு தடவ கூட சொல்ல வேண்டியதில்ல. ஆனா ப்ரஷ் மட்டும் ஆளுக்கு ஒண்ணு, கூட ரெண்டு எக்ஸ்ட்ரா. கிண்ணத்துக்குக் காத்திருப்பாங்க, ப்ரஷ்ஷுக்கு காத்திருக்க மாட்டாங்க, அடிச்சிருவாங்க.

கிண்ணத்துக்கு நான் கொட்டாங்குச்சி தான், உருளாம இருக்க அடியில பழைய துணிய பிரிமணை மாதிரி சுத்தி வச்சிருவேன். ப்ரஷ்னா சின்ன மெல்லிசு ப்ரஷ் வேணாம், சுவத்துக்கு அடிக்கற ஒரு இஞ்ச் ப்ரஷ், கைப்பிடி குட்டையா. ஸ்பாஞ்ச் துண்டு, பழைய டூத் ப்ரஷ், தேங்கா நாரு எல்லாம் ஓகே. அச்சு குத்த வெண்டைக்காய குறுக்க வெட்டுனா பூ, வாழை மட்டைய குறுக்க வெட்டுனா ஜன்னல் ஜன்னலா கட்டம், அதப் பாத்தா நமக்கே குத்தணும் போல இருக்கும்.

பசைக்கு மைதாவ வீட்ல காய்ச்சிக்கங்க. பைண்டிங் கடைல பசை வாங்காதீங்க, பூச்சி அரிக்காம இருக்க அதுல மயில்துத்தம் கலக்கறது உண்டு, அது விஷம்.

விஷம்னு சொன்னதும் ஞாபகம் வருது. பிள்ளைங்கள கூட்டிட்டு இலை, விதை பொறுக்கப் போறதா இருந்தா மொதல்ல நீங்க அந்த எடத்த ஒரு சுத்து பாத்துட்டு வாங்க. குன்றிமணி பாக்க அம்புட்டு அழகு, செவப்பும் கருப்பும், ஆனா கடிச்சு முழுங்கிட்டா உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதை, அரளி, ஊமத்தை இதெல்லாம் கூடைக்குள்ள வரக்கூடாது. எருக்கம் பால் கண்ணுல படக்கூடாது. மூணு வயசுக்குக் கீழ இருந்தா மணி, பட்டன், கோலிகுண்டு எதுவும் வேணாம். தெர்மாக்கோல் உருண்டை எந்த வயசுக்கும் வேணாம், நேரா மூக்குக்குள்ள தான் போகும்.

ஸ்டெப் 5: மொத வாரம், பொட்டு வீடு

இதுவரைக்கும் குரூப் ஆர்ட் பண்ணாத பிள்ளைங்கன்னா பெயிண்ட்டே வேணாம், ஸ்டிக்கர்ல ஆரம்பிங்க. ஜப்பான் ஓவியர் யாயோய் குசாமா 2002ல ஆஸ்திரேலியாவோட பிரிஸ்பேன் நகரத்து குயின்ஸ்லாந்து ஆர்ட் கேலரில பிள்ளைங்களுக்காக ஒரு ரூம் பண்ணாங்க. சுவர், சோபா, மேஜை எல்லாம் வெள்ள வெளேர்னு இருக்கும், வர்ற பிள்ளைங்க கையில கலர் கலரா வட்ட ஸ்டிக்கர், எங்க வேணா ஒட்டலாம். ஒட்ட ஒட்ட ரூமே புள்ளிப் புள்ளியா மாறிரும்.

நமக்கு அம்புட்டு பெரிய ரூம் வேணாம், ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டி ஒண்ணு போதும். வெள்ளைப் பேப்பர் ஒட்டி, ஜன்னல் கதவு வெட்டி நிறுத்திருங்க. ஸ்டிக்கருக்குப் பதிலா பொட்டு அட்டை. பெரிய சைஸ், கல்லு வைக்காத ப்ளெயின் பொட்டு. அத உரிச்சு எடுக்கறதே மூணு வயசு விரலுக்கு நல்ல பயிற்சி. மொத பத்து நிமிஷம் நெத்தில, கன்னத்துல, ஆயாம்மா கையிலன்னு தான் ஒட்டுவாங்க, விடுங்க, அப்புறமா பெட்டிக்கு வருவாங்க. இதுல என்ன வசதின்னா யாரு பொட்டு எதுன்னு தெரியாது, அதனால "என்னோடத கெடுத்துட்டான்"ங்கற அழுகையே வராது. ஒரு வாரம் பெட்டிய அங்கயே விட்டுருங்க.

ஸ்டெப் 6: ரெண்டாவது வாரம், ஒருத்தரால முடியாத வேலை

பெரிய அட்டைப் பெட்டியோட மூடி, உள்ள சார்ட் பேப்பர், பெயிண்ட்ல பொரட்டுன ஒரு எலுமிச்சம்பழம். மூலைக்கு ஒருத்தரா நாலு பேர் மூடியத் தூக்கி ஆட்டணும், பழம் ஓடுற வழியெல்லாம் கோடு விழும். ஒருத்தர் மட்டும் தூக்குனா பழம் வெளிய விழுந்துரும். "உன் பக்கம், உன் பக்கம், மெதுவா மெதுவா"ன்னு அதுங்களே பேச ஆரம்பிக்கும். வாயத் தொறக்காத ஒரு பொண்ணு எங்க கிளாஸ்ல இருந்தா, ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசல, இந்த எலுமிச்சம்பழ ஆட்டத்துல தான் "ஏய், தூக்கு!"ன்னு கத்துனா. பந்து வச்சும் பண்ணலாம், ஆனா எலுமிச்சம்பழம் கோணல்மாணலா உருளும், சிரிப்பு தாங்காது.

ஸ்டெப் 7: பெரிய வேலை, நாலு நாள்ல ஒரு ஆறு

ஜூன்ல ஸ்கூல் திறந்தப்போ பிள்ளைங்க வாயில இன்னும் சித்திரைத் திருவிழா தான். அழகர் ஆத்துல எறங்குனது, குதிரை, தண்ணி பீச்சுறவங்க, எல்லாம். சரி, வைகையவே பண்ணலாம்னு 3 மீட்டர் பேப்பர விரிச்சேன்.

மொத நாள் ஆறு மட்டும். நான் நீலமும் வெள்ளையும் கலக்கி வச்சிருந்தேன். ஒரு பையன் ப்ரஷ்ஷ எடுக்கவே இல்ல. என்னடா தம்பின்னு கேட்டா, "ஆத்துல தண்ணி இல்ல மிஸ், மாடு தான் இருக்கு"ங்கறான். என்ன பதில் சொல்றது! உடனே மத்த எல்லாரும் ஆமா ஆமா மணலு தான்னு சேந்துகிட்டாங்க. நீலத்த ஓரமா வச்சுட்டு பசையும் சலிச்ச மணலும் கொண்டு வந்தோம். பேப்பர்ல பசைய கையால இழுத்து மேல மணலத் தூவுனா ஆறு ரெடி. நடுவுல ஒரு எடத்துல மட்டும் ரெண்டு பொண்ணுங்க அடம் புடிச்சு நீலம் அடிச்சாங்க, திருவிழாவுக்கு டேம்ல தண்ணி திறந்து விட்டாங்களாம்.

இதுல இருந்து ஒரு விதி: நீங்க தீம் சொல்லலாம், படம் சொல்லக் கூடாது. மாதிரி காட்டவே கூடாது. ஒரு மாதிரியக் காட்டிட்டீங்கன்னா எட்டு பேரும் அதத்தான் காப்பி அடிப்பாங்க, சரியா வரலன்னு அழுவாங்க.

ரெண்டாவது நாள் கரை. வெண்டைக்காய், வாழை மட்டை அச்சு, செடி கொடின்னு ரெண்டு பக்கமும் நிரப்புனாங்க. அதுக்கு மேல நாங்க எதுவும் பெருசா யோசிக்கல, காய் பசங்க வாய்க்குப் போகாம பாத்துகிட்டதோட சரி.

மூணாவது நாள் ஆளுங்க, மாடு, குதிரை. இத தனிச் சின்ன பேப்பர்ல வரைய விட்டேன், ஏன்னா நாலு வயசுல ஆள் வரையறதுன்னா ஒரு வட்டம், அதுல இருந்து நேரா ரெண்டு காலு, அவ்வளவு தான், ஆனா அந்த வட்டம் அவங்களுக்கு உசிரு. அது மேல இன்னொருத்தன் பெயிண்ட் பட்டா தாங்க மாட்டாங்க. தனியா வரைஞ்சு, நான் சுத்தி வெட்டிக் குடுத்து, அப்புறம் ஆத்துல எங்க ஒட்டறதுன்னு அவங்களே முடிவு பண்ணாங்க. குதிரை மட்டும் அஞ்சு. அழகருக்கு ஒண்ணு தானடான்னு கேட்டா, "மத்ததெல்லாம் அதோட தம்பி"ன்னு ஒரு விளக்கம்.

நாலாவது நாள் தான் நிஜமான குரூப் வேலை. "உன் ஆளு இங்கிட்டு இருந்து அங்கிட்டு உன் ஃப்ரெண்டோட ஆளுகிட்ட போகணும், எப்படிப் போகும்?"னு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ரோடு, பாலம், படிக்கட்டு, ஒரு பஸ்ஸு, எல்லாம் வந்துருச்சு. இந்தத் தந்திரம் எந்த தீமுக்கும் வேலை செய்யும். மொதல்ல ஆளுக்கு ஒரு சொந்த எடம், அப்புறம் அந்த எடங்கள இணைக்கற வழி.

ஒரு நாளைக்கு பதினஞ்சு இருபது நிமிஷம் தான், ஆசை அடங்கறதுக்குள்ள நிறுத்திருங்க. "இன்னும் கொஞ்சம் மிஸ்"னு கெஞ்சும்போது மூடி வச்சா நாளைக்கு ஓடி வருவாங்க.

சண்டை வந்தா

வரும். "என் வீட்டு மேல கருப்பு அடிச்சுட்டான்!" இந்த நேரத்துல "பரவால்ல விடு, எல்லாரோடதும் தான்"னு மட்டும் சொல்லாதீங்க, அந்தப் பிள்ளைக்கு அது பரவால்ல இல்ல. ரெண்டு பேரையும் படத்துகிட்ட கூப்ட்டு, நடந்தத அப்படியே சொல்லுங்க: "பாப்பா வீடு வரைஞ்சிருந்தா, அது மேல கருப்பு வந்துருச்சு, பாப்பாவுக்கு அழுகை வருது. இப்ப என்ன பண்ணலாம்?" முக்கால்வாசி நேரம் அவங்களே வழி சொல்வாங்க. எங்க பையன் ஒருத்தன் "அது ராத்திரி மிஸ், வீட்ல லைட்ட போடலாம்"னு மஞ்சப் புள்ளி வச்சு சமாதானம் ஆயிட்டாங்க. அப்படியும் அடங்கலன்னா அந்த எடத்துல மேல ஒரு புதுப் பேப்பர் ஒட்டிக் குடுத்துருங்க. சாரி சொல்ல வச்சு கட்டாயப்படுத்தறதுல எனக்கு நம்பிக்கை இல்ல.

கையில பெயிண்ட் பட்டாலே அருவருப்புல ஒதுங்கற பிள்ளைங்க இருப்பாங்க. இழுக்காதீங்க. நீளக் குச்சில ஸ்பாஞ்ச் கட்டிக் குடுங்க, இல்ல ஜிப் கவருக்குள்ள பெயிண்ட் ஊத்தி மூடிக் குடுத்தா மேல இருந்து அமுக்கி விளையாடுவாங்க. சில பேர் தண்ணி ஊத்தறது, ப்ரஷ் எடுத்துக் குடுக்கறதுன்னு அசிஸ்டென்ட் வேலை மட்டும் பாப்பாங்க. அதுவும் இந்த டீம்ல ஒரு போஸ்ட்டு தான்.

நம்ம வாயும் நம்ம கையும்

"இது என்ன?"ன்னு கேக்காதீங்க, பாவம் பதில் தெரியாம ஏதாவது சொல்லி வைக்கும். "சூப்பர், குட் கேர்ள்" எல்லாருக்கும் வாரி வழங்காதீங்க, அப்புறம் பேப்பரப் பாக்காம உங்க மூஞ்சியப் பாத்தே வரைவாங்க. கண்ணுல தெரியறத சொல்லுங்க: "நீ நீலக் கோடு இழுத்த, அது போயி அவன் வட்டத்துல முட்டிருச்சே." இப்படி சொன்னா ரெண்டு பேரும் நிமிர்ந்து ஒருத்தர ஒருத்தர் பாப்பாங்க.

பிள்ளைங்க போனதுக்கு அப்புறம் "லேசா ஒரு டச்சப்"னு கை அரிக்கும், எனக்கும் அரிக்கும், மார்க்கர மேல் ஷெல்ஃப்ல போட்டுட்டு வீட்டுக்குக் கெளம்பிருவேன். மறுநாள் வந்து "இந்தக் கண்ணு நான் வரையலியே"ன்னு கேட்ட ஒரு பிள்ளைக்கு பதில் சொல்ல முடியாம முழிச்சிருக்கேன்.

கழுவறது

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கெட் தண்ணி, ரெண்டு துண்டு பக்கத்துல. ஒண்ணு மொதக் கழுவலுக்கு, இன்னொண்ணு அலச. எல்லாரையும் பைப்புக்கு அனுப்புனா வழி நெடுக கைத்தடம். ப்ரஷ் கழுவறதையும் பிள்ளைங்ககிட்ட விடுங்க, அதுக்குத் தான் அடிதடியே நடக்கும்.

மாட்டறதும் எடுத்து வைக்கறதும்

பிள்ளைங்க கண்ணு உயரத்துல மாட்டுங்க, நம்ம உயரத்துல இல்ல. பக்கத்துல அவங்க பேசுனத அப்படியே எழுதி ஒட்டுங்க, திருத்தாம. "ஆத்துல தண்ணி இல்ல மிஸ், மாடு தான் இருக்கு"ன்னு எழுதி ஒட்டிருந்தேன், கூட்டிட்டுப் போக வர்ற அப்பாமாருங்க எல்லாம் நின்னு படிச்சுட்டு சிரிச்சாங்க, ஒரு தாத்தா மட்டும் சிரிக்காம ரொம்ப நேரம் நின்னுட்டுப் போனாரு. "என் பையன் வரைஞ்சது எது?"ன்னு கேப்பாங்க பாருங்க, நீங்க காட்டாதீங்க, பையனையே காட்டச் சொல்லுங்க. தன்னோடத விட்டுட்டு ஃப்ரெண்டோட குதிரைய காட்டுவான்.

வருஷ முடிவுல துண்டு போட்டு ஆளுக்கு ஒண்ணு குடுக்கலாமான்னு கேப்பீங்க. ஒரு தடவ வெட்டுனேன், பாலம் ரெண்டா போச்சு, அன்னிக்கு கிளாஸ்ல பயங்கர ஒப்பாரி. இப்பல்லாம் மொபைல்ல போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டு ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டு, ஒரிஜினல ஸ்கூல்லயே வச்சிருவேன். சுருட்டும்போது பெயிண்ட் பக்கம் வெளிய இருக்கற மாதிரி, தளர்வா சுருட்டுங்க, அப்ப தான் வெடிக்காது. மணல் ஒட்டுனது என்ன பண்ணாலும் கொஞ்சம் உதிரும், அடுத்த ஜூன்ல பிரிச்சு திரும்ப ஒட்டிக்கலாம். மைதாப் பசைக்கு கரப்பான் வரும், அதுக்காக அந்துருண்டை போடாதீங்க, பிள்ளைங்க மிட்டாய்னு நெனச்சு வாயில போட்டுக்கும். காஞ்ச வேப்பிலைய வச்சு பழைய வேட்டில சுத்தி பீரோ மேல போட்டுருங்க.